அரண்மனையில் அப்பாவின் செருப்பு

உதய்பூரில் வேலை பார்த்தேன் என்று சொன்னால் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். அரண்மனை பார்த்தாயா, ஏரி பார்த்தாயா? பார்த்தேன். ஒரே ஒரு முறை, அப்பாவோடு. அழகாகத்தான் இருந்தது. அந்த அழகு எனக்குப் பிடிக்கவில்லை.

நான் கல்வராயன் மலைக்காரன். பழங்குடியினருக்கான இடத்தில் உதய்பூரில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. சேர்ந்து ஒரு வருஷம் ஆவதற்குள் இட ஒதுக்கீட்டுக் கலவரம் வந்துவிட்டது. பிற்படுத்தப்பட்டவர்களுக்குப் புதிதாக இடம் கொடுப்பதை எதிர்த்து நடந்த கலவரம் அது. என் இடம் அதற்கு எவ்வளவோ முன்பே இருந்தது. அலுவலகத்தில் எவனுக்கும் அந்த வித்தியாசம் தேவைப்படவில்லை. என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். ‘கோட்டா’ என்றார்கள். என் நாற்காலியைத் தூக்கி வராந்தாவில் போட்டார்கள். வீட்டுக்காரன் அறையைக் காலி செய்யச் சொன்னான்.

வடக்கே பஸ் எரிகிறது, ஆட்களை அடிக்கிறார்கள் என்று எங்கள் மலையடிவாரத்துக் கச்சிராயபாளையம் டீக்கடையில் யாரோ பேப்பர் படித்திருக்கிறார்கள். அதைக் கேட்டதும் அப்பா கிளம்பிவிட்டார். ராஜஸ்தானில் போர்க்கிணறு போடும் லாரியில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் வேலை செய்தார். அவரைப் பிடித்து, அதே லாரியில் ஏறி, ஒரு சனிக்கிழமை என் அறை வாசலில் வந்து நின்றார்.

“பொட்டிய கட்டு. லாரி நாளன்னிக்கி திரும்புது. வேலயும் வாணாம், மயிரும் வாணாம்.”

கட்டினேன். எனக்கும் போதும் போதும் என்றாகியிருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. இவ்வளவு தூரம் வந்தவருக்கு எதையாவது காட்டலாம் என்று அரண்மனைக்குக் கூட்டிப்போனேன். பெரிய வாசல் கண்ணில் பட்டதுமே அப்பா நின்றார். டயர் செருப்பைக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டார். தோளில் கிடந்த துண்டை இடுப்பில் கட்டினார்.

“இன்னாப்பா பண்ற? டிக்கெட்டு வாங்கிக்கினுதான் போறோம். செருப்ப போடு.”

“உனுக்குத் தெரியாது, சும்மா வா. ராஜா வூடு.”

எங்கள் பக்கத்தில் மலையை ஆண்ட ஜாகிர்தார் வீட்டுக்கு முன்னால் அப்படித்தான் போக வேண்டும். அப்பா சின்ன வயதிலிருந்து அந்த வீட்டு நிலத்தில் கூலியில்லாமல் ஏர் ஓட்டியவர். ஜாகிர் ஒழிந்து பல வருஷம் ஆகியிருந்தது. அவர் காலுக்கு அது இன்னும் தெரியவில்லை.

உள்ளே முழுக்கச் சுவர் ஓரமாகவே நடந்தார். காக்கிச் சட்டை போட்ட காவலாளிக்குக்கூடக் கும்பிடு போட்டார். கண்ணாடி பதித்த அறைக்கு வந்ததும்தான் வாய் திறந்தது.

“ஒரு மூஞ்சிய பாக்க இவ்ளோ கண்ணாடியா? அவ்ளோ அழகாவா இருந்தான்?”

நான் சிரித்துவிட்டேன். ஜன்னல் வழியே ஏரி நடுவில் இன்னொரு வெள்ளை அரண்மனை தெரிந்தது. இப்போது அது ஹோட்டல் என்றேன்.

“தண்ணிக்கு நடுவுல போயி கட்டிகினு இருக்கான். கல்ல சொமந்தவனுங்களுக்கு நீச்சல் தெரிஞ்சிருக்குமா?”

வெளியே வந்தோம்.

வாசலுக்கு எதிரே கல்லூரிப் பையன்கள் வரிசையாக உட்கார்ந்து, போகிறவர் வருகிறவர் ஷூவுக்கெல்லாம் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்கள். இஸ்திரி போட்ட சட்டை, கையில் வாட்ச். அப்பா உண்மையாகவே இரக்கப்பட்டார்.

“பாவம்டா. நல்ல வூட்டுப் புள்ளைங்க மாரி இருக்குதுங்க. பொழப்பு இல்லியா?”

“பொழப்பு இல்லாம இல்லப்பா. நம்ம ஆளுங்களுக்கு உத்தியோகம் குடுத்தா, அவங்களுக்கு இந்த வேலதான் மிஞ்சுமாம். அதக் காட்டுறாங்க.”

அப்பா யோசித்தார். “அப்ப தெனம் இதயே செய்றவன் மனுசன் இல்லியா?”

அதற்குள் ஒருவன் எழுந்து வந்து அப்பாவின் அக்குளில் இருந்த செருப்பை உருவினான். டயருக்கு எங்கே பாலிஷ் போடுவது என்று தூக்கிக் காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள்.

“வாணாம் சாமி, வாணாம் சாமி” என்று அப்பா குனிந்து கை நீட்டினார். அது தமிழ் என்பதுகூட அவர்களுக்குத் தெரியாது. அவர் குனிந்தது நன்றாகத் தெரிந்தது.

கொடுடா என்று இந்தியில் கத்தினேன். யார் நீ, எங்கே வேலை என்றான். சொன்னேன். கோட்டாவா என்றான். ஆமாம், கோட்டாதான் என்றேன். ஒரு செருப்பைக் காலடியில் போட்டான். இன்னொன்றை ரோட்டுக்கு அந்தப் பக்கம் வீசினான். சாக்கடையில் விழுந்தது. நான் அவன் சட்டையைப் பிடித்தேன். நாலு பேர் சேர்ந்து என்னைக் கீழே தள்ளி மிதித்தார்கள்.

எழுந்து பார்த்தபோது அப்பா சாக்கடைக்குள் கைவிட்டுச் செருப்பை எடுத்திருந்தார். இடுப்புத் துண்டை அவிழ்த்துத் துடைத்தார். பிறகு இரண்டையும் காலில் போட்டுக்கொண்டார்.

அறைக்கு வந்ததும் என் பெட்டியைக் காலால் தள்ளினார்.

“பொட்டிய பிரி.”

“நேத்து நீதான கட்டச் சொன்ன?”

“சொன்னேன். அடிப்பானுங்கன்னு பயந்துக்கினு சொன்னேன். இப்பதான் அடிச்சிட்டானுங்களே. ஊருக்கு வந்து இன்னா பண்ணுவ? என்ன மாரி அக்குள்ல செருப்ப வச்சிக்கினு நிப்ப.”

“கொன்னுட்டா?”

“லாரிக்காரங்க வந்து சொல்லுவாங்க. நான் வந்து எடுத்துக்கினு போறேன்.”

திங்கட்கிழமை காலையில் லாரி ஏறினார். திரும்பிப் பார்க்கவில்லை. நான் அலுவலகத்துக்குப் போனேன். நாற்காலி வராந்தாவிலேயே கிடந்தது. யாரோ அதன்மேல் எச்சில் துப்பியிருந்தார்கள். துடைத்துவிட்டு உட்கார்ந்தேன். அந்தக் குளிர்காலம் முழுக்க அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.