கழற்றி மாட்டும் எடை

வரதராசன்பேட்டையில் குதிரைக்கு லாடம் அடிக்கும் இன்னாசி, நடக்கவிட்டுப் பார்க்காமல் எந்தக் குளம்பையும் தொடமாட்டார். குதிரையையாவது நடையில் கண்டுபிடித்துவிடலாம், குதிரைக்காரனை எதில் கண்டுபிடிப்பது என்பது அவருடைய ஓயாத கவலை.

உடையார்பாளையத்து நடராசன், தன் ரேக்ளா வண்டிப் பந்தயக் குதிரையின் முன்னங்கால் லாடங்களில் எடைத்தகடு வைக்கச் சொன்னான். போல்ட்டில் மாட்டிக் கழற்றுகிற மாதிரி வேண்டுமாம்.

"கழட்டுறதை எதுக்குடா மாட்டணும்?"

"எடையோட பழகினா காலை எட்டி வைக்கும்ண்ணே. பந்தயத்தன்னிக்குக் கழட்டிட்டா பறக்கும்."

யாரிடமாவது காசு வாங்கிக்கொண்டு, எடையைக் கழற்றாமலே ஓட்டி, வேண்டுமென்றே தோற்றுப்போனால்? ஊர்ப் பழி லாடம் அடித்தவன் தலையில்தான் விழும்.

"மாட்டுறதும் நான்தான், கழட்டுறதும் நான்தான். நீ கைய வைக்கக் கூடாது."

"சரிண்ணே" என்றான் நடராசன். அவன் அத்தனை சுலபமாகச் சம்மதித்தது இன்னாசிக்குப் பிடிக்கவில்லை.

பந்தயத்தன்று மாதா கோவில் பூசை முடிந்து வெகுநேரமாகியும் எடையைக் கழற்ற நடராசன் வரவில்லை. நினைத்தது சரிதான் என்று ஸ்பேனரை எடுத்துக்கொண்டு இன்னாசி ஜெயங்கொண்டத்துக்கு வண்டியை விரட்டினார். பந்தய வண்டிகள் புறப்படும் கோட்டில் நின்றன. குதிரைக் காலில் எடை அப்படியே இருந்தது.

"ஏமாத்துக்காரப் பயலே!"

நடராசனுக்கு அழுகையே வந்துவிட்டது. "கைய வைக்கக் கூடாதுன்னது நீங்கதானே? இங்க வந்து கழட்டுங்கன்னு காலையிலேருந்து போன் போடுறேன்!"

பூசைக்காக அணைத்த போன் இன்னாசியின் சட்டைப்பையில் அணைந்தே கிடந்தது. மண்டியிட்டு, கொடி இறங்குவதற்குள் எல்லா போல்ட்டையும் கழற்றினார்.

குதிரை இரண்டாவதாக வந்தது. நடராசன் துள்ளிக் குதித்தான். இன்னாசியோ சந்தேகத்தோடு முதலில் வந்த குதிரையின் லாடத்தைக் குனிந்து பார்க்கப் போய்விட்டார்.