தட்டில் இரண்டு கண்கள்

இரத்தத்தில் ஏறிய சீனி வருத்தம் என் கணவருடைய இடக்கண்ணை ஏற்கெனவே தின்றுவிட்டது. வலக்கண்ணுக்கு அடுத்த கிழமை ஒப்பரேஷன். கொஞ்சமாவது பார்வை மிச்சம் இருந்தால்தான் அது பலிக்கும் என்று டொக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். இவரோ கேட்கிறவர்களிடமெல்லாம், "வலக்கண் பிழையில்லை, மங்கலாய்த் தெரியுது" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நானும் நம்பினேன், நம்பாமல் வேறு என்ன செய்வது?

அந்த நேரம் பார்த்துத்தான் இப்படி ஓர் ஆசை. நகரத்தின் நடுவில் உள்ள ஓவியக்கூடத்தில் மரப்பலகையில் வரைந்த பழைய புனித லூசியா படம் ஒன்று இருக்கிறது. பக்கத்து ஹோட்டலில் வேலை செய்த காலத்தில் இடைவேளையில் போய்ப் பார்த்துவிட்டு வருவார். கண் வருத்தக்காரருக்காக மன்றாடுகிற புனிதை. ஒப்பரேஷனுக்கு முதல் அவவை ஒருக்கால் பார்க்க வேண்டுமாம்.

"எங்கடை கோயிலிலை கும்பிட்டால் அவவுக்குக் கேளாதோ?" என்று எரிந்து விழுந்தேன். பிறகு கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மோர்டன் ஸ்டேஷனில் ரயில் ஏறும்போது என் தோளை இறுக்கிப் பிடித்தார்.

"சனம் கூடிப்போச்சு, அதுதான்" என்றார்.

பெட்டி பாதி காலி.

தங்கம் பூசிய பின்னணியில் ஒடுங்கிய முகத்துடன் நின்றாள் லூசியா. முகத்தில் இரண்டு கண், கையிலிருந்த தட்டில், விசுவாசத்துக்காகப் பிடுங்கப்பட்ட அவளுடைய இரண்டு கண். நாலு கண் இருந்தும் ஒன்றாவது எங்கள் பக்கம் திரும்பவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வந்திட்டமோ?"

"ஓம். முன்னாலைதான் நிக்கிறா."

"தெரியுது, தெரியுது" என்று அவசரமாகச் சொன்னார்.

என் தோளை விட்டு, ஓர் அடி முன்னால் வைத்துக் கையை நீட்டினார். கோயிலில் சுரூபத்தின் பாதத்தைத் தொட்டு விரலை உதட்டில் வைத்து முத்தி செய்வது எங்கள் பழக்கம். இங்கே படத்தைத் தொடக்கூடாது. மூலையில் நின்ற காவலாளிப் பெண் நிமிர்ந்தாள். இப்போது கத்தப்போகிறாள், மானம் கப்பலேறப்போகிறது என்று பதறினேன்.

அவள் கத்தவில்லை. படத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, வெறும் சுவரில்தான் அவருடைய விரல்கள் பட்டன. பாதத்தைத் தடவுவதுபோல மெதுவாகத் தடவி, விரல்களை உதட்டில் வைத்து, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

வலக்கண்ணும் போய்விட்டது. எப்போது போனது என்றுகூட எனக்குத் தெரியாது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரே சாப்பாட்டுக் கோப்பையில் சோறு போட்டுக் கொடுத்துக்கொண்டு, இதைக்கூடக் காணாமல் இருந்திருக்கிறேன். அவர் மேல் கோபம் வந்தது. அடுத்த நிமிடமே அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கினேன்.

"என்ன பேசாமல் நிக்கிறீர்?" என்றார், எனக்கு வலப்புறம் இருந்த வெறுமையைப் பார்த்து. "நீரும் தொட்டுக் கும்பிடும். ஒருத்தரும் பார்க்கேல்லை."

காவலாளிப் பெண் எங்களையேதான் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவருடைய விரல் பட்ட இடத்தில் சுவரைத் தொட்டு, அவருக்குக் கேட்கும்படி முத்தி செய்தேன்.