அப்பா வாயிலிருந்து குமிழி வரவில்லை

நாமக்கல்லில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில், பணியிலிருந்த மருத்துவரிடம் நான் சொன்னது இவ்வளவுதான். வரிசை மாறாமல் சொன்னேன்.

1. இவர் என் அப்பா. வயது ஐம்பத்தெட்டு. விவசாயம். இதுவரை நெஞ்சுக் கோளாறு எதுவும் இல்லை.
2. இன்று காலை சேலத்தில் ஒரு நீச்சல் குளத்தில், ஆழமான பக்கத்தின் தரையில் மண்டியிட்டு, சிலிண்டர் காற்றைச் சுவாசித்துக்கொண்டிருந்தார்.
3. கண்ணையும் மூக்கையும் மூடும் மாஸ்க்குக்குள் தண்ணீர் புகுந்தது.
4. நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, வாயை இறுக மூடி, தரையை உதைத்து மேலே வந்துவிட்டார். வரும் வழியில் மூச்சை விடவே இல்லை.
5. மேலே வந்ததும் பேசினார், சிரித்தார், நேராக நடந்தார். கை கால் இரண்டு பக்கமும் சரியாக இருந்தது.
6. மதியத்துக்கு மேல் குரல் மாறியது. விழுங்கினால் வலிக்கிறது. கழுத்தின் அடியில் தோலை அழுத்தினால் உள்ளே நொறுநொறுக்கிறது.
7. அவர் தண்ணீர் குடிக்கவில்லை. மூழ்கவும் இல்லை.

ஏழாவதைச் சொல்ல வேண்டியிருந்தது. ஏனென்றால் குளம் என்று கேட்டதுமே அந்த இளம் மருத்துவர் சீட்டில் ‘நீரில் மூழ்கியவர்’ என்று எழுதிவிட்டார். இப்போது அதை அடித்துவிட்டு, அப்பாவின் கழுத்தில் விரல் வைத்து அழுத்தினார். உடனே சக்கர நாற்காலியைக் கொண்டுவரச் சொன்னார். நடந்துதானே வந்தேன் என்றார் அப்பா. அது அவர் குரல் இல்லை. யாரோ மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசுவது போல் இருந்தது.

நான் ஒரு நெசவாலையில் கம்ப்ரஸர்களைப் பராமரிக்கிறேன். எங்கள் தறிகளில் நூலைக் காற்றுதான் ஊதிக் கொண்டுபோகிறது. காற்றை அழுத்துவது, சேர்த்து வைப்பது, அளவாக விடுவது, இவைதான் என் வேலை. உடன் வேலை செய்யும் பெண்களோடு புதுச்சேரிக்குச் சுற்றுலா போனபோது, பயிற்சியாளர் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு முதன்முறையாகக் கடலுக்கு அடியில் இறங்கினேன். திரும்பி வந்ததும், சிலிண்டர் காற்றோடு முக்குளிக்கும் ஸ்கூபா முழுப் பயிற்சிக்குப் பதிவு செய்தேன். பாடங்களை வீட்டிலிருந்தே படித்துக்கொள்ளலாம். குளப் பயிற்சி ஞாயிற்றுக்கிழமைகளில் சேலத்தில். அது முடிந்தபின் கடலில் நான்கு முழுக்கு.

அம்மாவுக்கு இதில் துளியும் விருப்பமில்லை. அப்பா மட்டும், நானே கூட்டிப் போய்க் கூட்டி வருகிறேன் என்றார். அவருக்குத் தண்ணீர் என்றால் போதும். எருமப்பட்டியில் எங்கள் தோட்டத்துக் கிணற்றில் இன்றைக்கும் மேட்டிலிருந்து குதிப்பார். எனக்கும் அதில்தான் நீச்சல் வந்தது.

கிணற்றில் பழகியவர்களுக்குப் பெருமை தம் கட்டுவதில்தான். படியில் நின்று மூச்சை இழுத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும். தரையைத் தொட்டுச் சேற்றை அள்ளிக்கொண்டு வர வேண்டும். மேலே இருப்பவர்கள் பயப்படும் வரை உள்ளேயே இருப்பவன் கெட்டிக்காரன். அப்பாவை அவர் வயதில் யாரும் ஜெயித்ததில்லை என்று அவரே சொல்லுவார்.

ஸ்கூபாவின் முதல் விதி இதற்கு நேர் எதிரானது. மூச்சை அடக்கவே கூடாது. கிணற்றில் நாம் மூச்சை இழுப்பது தண்ணீருக்கு வெளியே. கீழே போகப் போக அந்தக் காற்று நசுங்கும், மேலே வரும்போது பழைய அளவுக்குத் திரும்பும், அதற்கு மேல் விரியாது. சிலிண்டரோ கீழே இருக்கும் அழுத்தத்துக்கு ஈடான காற்றை நுரையீரலுக்குள் அனுப்புகிறது. அதை அடைத்து வைத்துக்கொண்டு மேலே வந்தால் காற்று விரிந்துகொண்டே போகும். வெளியேற வழி இல்லாவிட்டால் நுரையீரல் எங்காவது கிழியும். கடல் ஆழம் தேவையில்லை. ஒரு நீச்சல் குளத்தின் ஆழமே போதும்.

இது எனக்குப் பாடமாகப் புரிந்தது, உடம்புக்குப் புரியவில்லை. தண்ணீருக்குள் சங்கடம் வந்தாலே என் வாய் தானாக மூடிக்கொண்டது. பயிற்சியாளர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். மேலே வரும்போதெல்லாம் ‘ஆ’ என்று விடாமல் சொல்லிக்கொண்டே வர வைத்தார். வாயிலிருந்து குமிழி வருகிறதா என்பதை மட்டும் பார்ப்பார். வராவிட்டால் தோளைப் பிடித்து நிறுத்திவிடுவார். இரண்டு ஞாயிறு இதிலேயே போனது.

கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அப்பா எல்லாவற்றையும் பார்த்தார். வழியில் டீக்கடைக்காரரிடம், “காசு குடுத்து மூச்சு உடறதுக்குப் படிக்கறது எம்பட மகதானுங்க” என்றார். அடுத்த வாரம் பயிற்சியாளரிடம் சிலிண்டரின் எடையைக் கேட்டார். அதற்கடுத்த வாரம், தானும் ஒருமுறை இறங்கிப் பார்க்கலாமா என்று கேட்டார்.

பயிற்சியாளர் உடல்நிலைக் கேள்விகளைக் கேட்டார், ஆழமில்லாத பக்கத்தில் நெடுநேரம் பழக்கினார். “அண்ணாச்சி, என்ன நடந்தாலும் மூச்ச மட்டும் அடக்கிராதீய” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அப்பா ஒவ்வொரு தடவையும் தலையை ஆட்டினார். அங்கே எல்லாம் சரியாகச் செய்தார். பிறகு மூவரும் ஆழப் பக்கம் போனோம்.

நான் அவருக்கு எதிரே இருந்தேன். அவர் மாஸ்க்கின் ஓரத்தில் தண்ணீர் ஏறுவதைப் பார்த்தேன். கண்ணை மூடினார். பயிற்சியாளர் கை நீட்டுவதற்குள் அப்பாவின் மார்பு உயர்ந்தது, கன்னம் உப்பியது, கால் தரையை உதைத்தது. ஐம்பது வருடம் கிணற்றில் செய்ததை அப்படியே செய்தார். பயிற்சியாளரின் கையில் அப்பா காலில் மாட்டியிருந்த துடுப்பு மட்டும் சிக்கியது. நான் அண்ணாந்து பார்த்தேன். அப்பா வாயிலிருந்து குமிழி வரவில்லை. மேல்மட்டம் வரை ஒன்றுகூட வரவில்லை.

மேலே வந்தபோது அப்பா சுவரைப் பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார். பயிற்சியாளரின் முகத்தில் ரத்தமே இல்லை. அப்பாவைக் கரையில் படுக்க வைத்து ஆக்ஸிஜன் கொடுத்தார். இரண்டு கையையும் தூக்கச் சொன்னார், பல்லைக் காட்டச் சொன்னார், என் விரலை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். காற்று ரத்தத்தில் கலந்து மூளைக்குப் போனால் சில நிமிடங்களிலேயே தெரிந்துவிடும் என்று நான் படித்திருந்தேன். அப்பா என் விரலைப் பிடித்திருந்தார், நான் அந்தப் பிடி தளர்கிறதா என்று கவனித்துக்கொண்டிருந்தேன். தளரவில்லை.

சேலத்திலேயே மருத்துவரைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்றார் பயிற்சியாளர். நானும் சொன்னேன். அப்பா ஆக்ஸிஜன் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு உடை மாற்றப் போய்விட்டார். “மூஞ்சிய அப்பிடி வெச்சுக்காத அம்மிணி. நானென்ன முளுகியா போயிட்டன்?” என்றார்.

அவர் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. பெரியப்பா மகன், என் அண்ணன், கொல்லிமலையில் ஒரு தங்கும் விடுதி கட்டியிருந்தார். மறுநாள் விடியலில் பால் காய்ச்சுகிறார்கள். பெரியப்பா உயிரோடு இல்லை. அவர் இடத்தில் நின்று அப்பாதான் அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். அம்மா முந்தின நாளே மலைக்குப் போய்விட்டார். பயிற்சி முடிந்ததும் நாங்கள் நேராக அங்கே போவதாக ஏற்பாடு.

பயிற்சியாளர் என்னைத் தனியாக அழைத்து எவற்றைக் கவனிக்க வேண்டும் என்று சொன்னார். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், இருமலில் ரத்தம், குரலில் மாற்றம். எதுவும் தெரிந்தால் நேராக மருத்துவமனை. கார் சாவியை நான் எடுத்துக்கொண்டேன்.

ராசிபுரம் தாண்டி டீ குடிக்க நிறுத்தினோம். மலையிலிருந்து அண்ணன் அழைத்தார். “வந்துட்டே இருக்கறஞ் சாமி” என்றார் அப்பா. அந்த ஒரு வாக்கியத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. தொண்டைக்குள் எதையோ வைத்துக்கொண்டு பேசுவது போலிருந்தது.

தொண்டை என்ன பண்ணுகிறது என்று கேட்டேன். குளத்துத் தண்ணீரில் மருந்தை அதிகம் போட்டுவிட்டார்கள் என்றார். டீயை ஒரு வாய் குடித்தார், முகம் சுளித்தார், சூடாக இருக்கிறது என்று டம்ளரைக் கீழே வைத்தார். டீ ஆறி ஏடு படிந்திருந்தது.

“துண்ட எடுங்ப்பா” என்றேன்.

கழுத்தெலும்புக்கு மேலே விரலை வைத்து மெதுவாக அழுத்தினேன். புளித்துப் பொங்கிய இட்லி மாவைக் கரண்டியால் அழுத்தினால் உள்ளே சின்னக் குமிழிகள் உடையுமே, அது என் விரலுக்குத் தெரிந்தது. மாவில் அது இருக்க வேண்டும். என் அப்பாவின் தோலுக்கு அடியில் இருக்கக் கூடாது.

மலை வேண்டாம், நாமக்கல்லில் மருத்துவமனைக்குப் போகலாம் என்றேன். நாளைக்குப் போகலாம் என்றார். மேலே ஏற ஏற வெளிக்காற்று லேசாகும், நெஞ்சுக்குள் மாட்டியிருக்கும் காற்று இன்னும் பெரிதாகும் என்று விளக்கினேன். எத்தனை தடவை மலை ஏறியிருக்கிறேன் தெரியுமா என்றார். பிறகு டீ மாஸ்டருக்கும் கேட்கும்படி, “ஏஞ் சாமி, நானென்ன உங்க மில்லு கம்ப்ரஸரா?” என்றார்.

“கம்ப்ரஸருக்கு சேஃப்டி வால்வு இருக்குதுங்ப்பா. உங்களுக்கு அதுமில்லீங்.”

டீ மாஸ்டர் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. கை நெஞ்சுக்குப் போனது, அங்கேயே இருந்தது. என்னைப் பார்க்காமல் காருக்கு நடந்தார்.

நாமக்கல்லை நோக்கி நான் ஓட்டினேன். அவர் மூச்சு விடும் சத்தத்தைக் கேட்பதற்காக ஏ.சி.யை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றியே வைத்திருந்தேன். உள்ளே வெந்தது. ஒவ்வொரு வேகத்தடையிலும் அவர் பல்லைக் கடித்தார். மலைக்குப் போக சேந்தமங்கலம் சாலையில் திரும்ப வேண்டும். நான் திரும்பவில்லை. அப்பா அந்தச் சாலையைத் தலை திருப்பிப் பார்த்தார்.

“உங்கம்மாகிட்ட நாஞ் சொல்லிக்கறன்.”

“நீங்க பேசுனா கொரல்லயே தெரிஞ்சு போயிருங்ப்பா. நான் சொல்லிக்கறேன்.”

மருத்துவமனையில் முதலில் எக்ஸ்ரே, அடுத்து ஸ்கேன். நுரையீரல் நிபுணர் வருவதற்குக் காத்திருக்கச் சொன்னார்கள். அப்பா ஆக்ஸிஜனோடு கட்டிலில் சாய்ந்திருந்தார். அண்ணன் மறுபடியும் அழைத்தார். சித்தப்பா வராமல் அடுப்புப் பற்றவைக்கப் போவதில்லை என்றார். அதைக் கேட்டதும் அப்பா பணி மருத்துவரைக் கூப்பிட்டு, கையெழுத்துப் போட்டுத் தந்துவிட்டுப் போகலாமா, விடியலில் பாலைக் காய்ச்சிவிட்டு மத்தியானமே திரும்பிவிடுவேன் என்று கேட்டார். நான் கதவை மறித்துக்கொண்டு நின்றேன்.

நிபுணர் வந்து படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். இதயத்தின் ஓரமாக மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று மேலே கழுத்து வரை போயிருந்தது. அது காற்று. நுரையீரலில் எங்கோ சின்னதாகக் கிழிந்து, இரண்டு நுரையீரலுக்கும் நடுவில் கசிந்திருக்கிறது. நுரையீரல் இதுவரை சுருங்கவில்லை. சுருங்கினால் நெஞ்சில் குழாய் போட வேண்டியிருக்கும். இப்போதைக்கு ஆக்ஸிஜன், அசையாமல் ஓய்வு, மணிக்கொருமுறை சோதனை.

“மலைக்குப் போயிருந்தா என்னங்க ஆயிருக்கும்?” என்று கேட்டார் அப்பா.

“ஒண்ணும் ஆகாமயும் இருந்திருக்கலாம். பாதி மலையில மூச்சுக்குத் தவிச்சும் இருக்கலாம். அங்கிருந்து உங்களக் கீழ கொண்டாரதுக்கு எத்தன வளைவுன்னு உங்களுக்கே தெரியும்.”

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அடுப்பை அம்மாவையே பற்றவைக்கச் சொல் என்றார்.

அம்மாவை அழைத்து நடந்ததை வரிசையாகச் சொன்னேன். அடுப்பு விஷயத்தைச் சொன்னதும்தான் வாயைத் திறந்தார். “அவிய ஊட்டு அடுப்ப அவியளே பத்த வெச்சுக்கட்டும். நான் எறங்கி வாரேன்.”

யாருடைய காரிலோ ஏறி, இருட்டுவதற்குள் வந்துவிட்டார். அப்பாவின் கழுத்தில் நான் காட்டிய இடத்தில் விரலை வைத்தார், சட்டென்று எடுத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“நீயும் இதே காத்தத்தான் இழுக்கறயா?”

“ஆமாங்ம்மா. ஆனா மூச்ச உட்டுக்கிட்டேதான் மேல வருவேன்.”

“இவருக்கும் அதத்தான சொல்லியிருப்பாங்க?”

ஆமாம் என்றேன்.

இப்போதைய நிலை இது. நுரையீரல் சுருங்கவில்லை, குழாய் போடத் தேவைப்படவில்லை. கடைசி ஸ்கேனில் அப்பாவின் நெஞ்சில் வேண்டாத காற்று இல்லை. குரல் பழையபடி ஆகிவிட்டது. சிலிண்டர் காற்று அவருக்கு இனிக் கூடாது என்று நிபுணர் எழுதிக் கொடுத்திருக்கிறார். கிணற்றில் குதிக்கலாமா என்பதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. என் குளப் பயிற்சி முடிந்துவிட்டது. கடலில் நான்கு முழுக்கு பாக்கி இருக்கிறது. பயிற்சியாளரிடம் தேதி கேட்டிருக்கிறேன். அம்மா இன்னும் சரி என்று சொல்லவில்லை.