கேபினட்டுக்கு மாமா வைத்த சீல்

என் மாமனார் யாரையும் திருடன் என்று சொன்னதே கிடையாது. "பார்ப்போம்" என்று மட்டும் சொல்வார். அந்த ஒரு வார்த்தையிலேயே எதிரில் இருப்பவனைக் கூண்டில் ஏற்றி, விசாரித்து, தீர்ப்பையும் எழுதி முடித்துவிடுவார். தெருவில் எல்லோரும் அவரைச் சீல்காரர் என்றுதான் சொல்வார்கள். தானியக் கிடங்கில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மாலையில் கிடங்கைப் பூட்டியதும் கதவிடுக்கில் ஒரு காகிதப் பட்டையைக் குறுக்காக ஒட்டி, அதன் மேல் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குக் கிளம்புவார். காலையில் பட்டை கிழிந்திருந்தால் யாரோ உள்ளே போயிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

வேலையை விட்டார், பட்டையை விடவில்லை. வீட்டில் பீரோவுக்குப் பட்டை, மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடிக்குப் பட்டை, வெளியூர் போனால் வாசல் கதவுக்கு மூன்று பட்டை. "அடுப்புல வெச்ச பால் வத்திப்போனா, ஆவி எந்தப் பக்கம் போச்சுன்னு கேக்கற மனுஷன்" என்பார் என் மாமியார். அத்தை அதைச் சிரித்துக்கொண்டே சொல்வார். எனக்குத்தான் அந்த அளவுக்குப் பொறுமை வாய்க்கவில்லை.

கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே நான் ஓர் அச்சகத்தில் புத்தகப் பக்கங்களை வடிவமைக்கும் வேலையில் இருந்தேன். குழந்தை பிறந்த பிறகு போய்வர முடியவில்லை. "வீட்டுல ஒரு கம்ப்யூட்டர் இருந்தா அங்கேயே செஞ்சு அனுப்பும்மா" என்றார் அச்சக முதலாளி. என் அண்ணனுக்குத் தொழிலே கம்ப்யூட்டர் பாகங்களைப் பொருத்திக் கொடுப்பதும் பழுது பார்ப்பதும்தான். அப்பாவும் அம்மாவும் போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்று இருப்பது அவன் ஒருவன்தான். சேதி கேட்டதும் பெட்டி பெட்டியாகப் பாகங்களைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் கூடத்திலேயே பரப்பினான். லாபம் வைக்காமல் செய்து தருவதாகச் சொன்னான். வினையே அங்கேதான் ஆரம்பித்தது.

"லாபம் இல்லாம செய்யறானா? பார்ப்போம்" என்று மாமா நாற்காலியை இழுத்து அவனுக்கு எதிரிலேயே போட்டுக்கொண்டார்.

அண்ணன் முதலில் கேபினட்டைத் திறந்தான். தகரப் பெட்டி, உள்ளே காலி. அதில் ஒரு பச்சைப் பலகையைத் திருகி மாட்டினான். "இதுதான் மதர்போர்டு மாமா. மத்த எல்லாப் பாகமும் இதுலதான் வந்து உக்காரும். ஒண்ணுக்கொண்ணு பேசிக்கறதும் இது வழியாத்தான்."

"என்ன பேசிக்கும்?"

"கணக்குதான் மாமா. வேற என்ன?"

அடுத்து தீப்பெட்டியை விடச் சின்னதாக ஒரு சில்லை எடுத்து அதில் பொருத்தினான். பிராசசர். கணக்குப் போடுவதும் முடிவெடுப்பதும் அதன் வேலை, வேலை செய்தால் சூடாகும் என்று சொல்லி, அதன் தலைமேல் ஒரு சின்ன மின்விசிறியை மாட்டினான். மாமா பிராசசர் வந்த பெட்டியையும் மின்விசிறி வந்த பெட்டியையும் தூக்கிப் பார்த்தார். விலை கூடின சாமான் சின்னதாகவும் மலிவான சாமான் பெரிதாகவும் இருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. கிடங்கில் அப்படி எதுவும் இருந்ததில்லை.

பிறகு விரல் நீளத்துக்கு ஒரு பட்டை. "இது ராம். நீங்க இப்ப செஞ்சுட்டிருக்கற வேலையை மட்டும் ஞாபகம் வெச்சுக்கும். கரண்ட் போனா மறந்துடும்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான்."

"அப்ப இது சாட்சிக்கு உதவாது" என்று தள்ளிவிட்டார் மாமா.

ஹார்ட் டிஸ்க்கை மட்டும் அவருக்குப் பார்த்ததுமே பிடித்துப்போயிற்று. கரண்ட் போனாலும் வைத்தது வைத்தபடி இருக்கும், எழுதினது, படம், பாட்டு எல்லாம் இதற்குள்தான் என்றதும், "சரிதான், இதுதான் கிடங்கு" என்று கையில் வாங்கி எடை பார்த்தார். கடைசியாக, வீட்டுக் கரண்டை வாங்கி ஒவ்வொரு பாகத்துக்கும் அதது தாங்கும் அளவில் பிரித்துக் கொடுக்கும் பவர் சப்ளை. அதற்கும் ஒரு மின்விசிறி. கேபினட்டின் முதுகில் இன்னொன்று. மானிட்டரையும் கீபோர்டையும் மவுஸையும் செருகி பொத்தானை அழுத்தியதும் திரை வெளிச்சமாயிற்று. எனக்கு அழுகையே வந்துவிட்டது, இனி எனக்கும் ஒரு வேலை இருக்கிறது என்று.

மாமா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹார்ட் டிஸ்க் எவ்வளவு கொள்ளும் என்று காட்டச் சொன்னார். அண்ணன் காட்டினான்.

"பெட்டி மேல ஐநூறு ஜிபின்னு போட்டிருக்கு. இங்க நானூத்தி அறுபத்தஞ்சுதான் இருக்கு. மீதி எங்க தம்பி?"

வாங்குகிற ஹார்ட் டிஸ்க் எல்லாமே அப்படித்தான் காட்டும் என்றான் அண்ணன். செய்கிற கம்பெனி ஆயிரம் ஆயிரமாக எண்ணும், கம்ப்யூட்டர் ஆயிரத்து இருபத்து நான்கு ஆயிரத்து இருபத்து நான்காக எண்ணும், இடம் ஒன்றுதான், எண்ணும் விதம்தான் வேறு என்று காகிதத்தில் கணக்கே போட்டுக் காட்டினான். மாமா பொறுமையாகக் கேட்டார்.

"வாங்க ஒரு படி, கொடுக்க ஒரு படின்னு ரெண்டு படி வெச்சிருந்தவங்களை நான் நிறையப் பார்த்திருக்கேன்" என்றார். "பார்ப்போம்."

அந்த முப்பத்தைந்து ஜிபியை என் அண்ணன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டதாகவே அவர் முடிவு கட்டிவிட்டார். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "கிடங்குல ஏழு பர்சென்ட் குறையுது" என்று முணுமுணுப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அண்ணனோ, "விடு பாப்பா, பெரியவர் பொழுது போகணும்ல" என்பான்.

சில மாதங்கள் வேலை நன்றாக ஓடியது. படங்கள் நிறைந்த பெரிய புத்தகம் ஒன்று வந்தபோது கம்ப்யூட்டர் திணறியது. அண்ணனிடம் சொன்னேன். கடைக்குப் போகிற வழியில் வந்து, பக்கத்து மூடியைத் திறந்து இன்னொரு ராம் பட்டையைப் போட்டுவிட்டுப் போனான். மாமா அப்போது நடக்கப் போயிருந்தார். நேரம் பார்த்து வந்தான் என்பது அவர் கட்சி.

"நான் இல்லாதப்ப ஏம்மா திறந்தான்?"

"நீங்க இல்லாதப்ப திறக்கல மாமா. அவனுக்கு நேரம் கிடைச்சப்ப திறந்தான்."

"ஒண்ணை உள்ள வெச்சான்னு சொல்ற. ஒண்ணை வெளிய எடுத்தானா இல்லையான்னு நீ பார்த்தியா?"

நான் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன், பார்க்கவில்லை. அந்தப் பதிலே அவருக்குப் போதுமானதாக இருந்தது. மறுநாள் காலை பார்த்தால் கேபினட்டின் இரண்டு பக்க மூடிகளிலும் காகிதப் பட்டை, அதன் மேல் கையெழுத்து. இனி யார் திறந்தாலும் தெரிந்துவிடும் என்றார். ஒட்டிவிட்டுப் போகட்டும், காகிதம்தானே என்று விட்டுவிட்டேன்.

அந்த வாரத்திலிருந்து கம்ப்யூட்டர் தானாக நிற்க ஆரம்பித்தது. ஆரம்பத்தில் ஒழுங்காக ஓடும். படங்களை அடுக்கிக்கொண்டிருக்கும்போது சொல்லாமல் கொள்ளாமல் பட்டென்று அணைந்துவிடும். சேமிக்காத பக்கமெல்லாம் போச்சு. உடனே போட்டால் வராது, கொஞ்ச நேரம் கழித்துத்தான் வரும். ஒருமுறை தாமதமானபோது அச்சக முதலாளி பொறுத்துக்கொண்டார். இரண்டாம் முறை, "அடுத்த தடவை வேற ஆளைத்தான் பார்க்கணும்மா" என்றார்.

"உன் அண்ணன் கை வெச்ச அப்புறம்தான் இப்படி" என்றார் மாமா. அதில் பொய் இல்லை. அவன் வந்துபோன பிறகுதான் இப்படி ஆயிற்று.

என் கணவர் வேலை வெளியூரில். போனில் சொன்னால், "அப்பா குணம் தெரிஞ்சதுதானே" என்பார். அத்தையும் அதையேதான் சொல்வார். மாமா ஒருநாள் கூடத்தின் நடுவில் நின்று தீர்மானமாகச் சொன்னார்: "கடைசியா ஒரு தடவை வரட்டும். என் கண்ணு முன்னால திறக்கட்டும். அவன் போட்ட சாமான்ல கோளாறுன்னு தெரிஞ்சா, அப்புறம் இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது."

வேறு வீடு, வேறு மனிதர்கள் என்று வந்தவளுக்கு, சும்மா தலைகாட்டிவிட்டுப் போக ஒரே ஓர் ஆள். அந்த ஆளையும் ஒரு தகரப் பெட்டிக்காக இழக்கப்போகிறேனா?

அண்ணன் வந்தான். மாமா தன் நாற்காலியை மேசைக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார். மேசை சுவரை ஒட்டிக் கிடந்தது. அண்ணன் அதைக் கொஞ்சம் முன்னால் இழுத்து, மேசைக்கும் சுவருக்கும் நடுவில் நுழைந்துகொண்டு, கேபினட்டின் முதுகைத் தன் பக்கம் இழுத்தான். நான் அவனுக்குப் பக்கத்தில் நின்றேன்.

முதுகுப் பக்கம் ஓர் ஓட்டை விடாமல் காகிதம் ஒட்டியிருந்தது. காற்றை வெளியே தள்ளும் மின்விசிறியின் வலைமேல் மூன்று பட்டை. பவர் சப்ளை மின்விசிறியின் மேல் மூன்று. பக்கத்திலிருந்த சின்னத் துளைகளின் மேலும் வரிசையாக. ஒவ்வொன்றிலும் மாமாவின் கையெழுத்து. ஓட்டை இருந்தால் கம்பியை விட்டு எதையாவது உருவிவிடுவார்கள் என்பது கிடங்கில் அவர் படித்த பாடம். உள்ளே பிராசசரும் பவர் சப்ளையும் சூட்டில் வெந்து, பாதுகாப்புக்காகத் தாமே நின்றுபோயிருக்கின்றன.

நான் வாயைத் திறந்தேன். அண்ணன் என் கையை அழுத்திப் பிடித்தான். பட்டைகளை ஒவ்வொன்றாக உரித்துச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டான். பக்க மூடியின் சீலை மாமா பார்க்கவே கிழித்துத் திறந்து, தன் கருவிப் பையிலிருந்து வேறொரு பவர் சப்ளையை எடுத்து மாட்டினான். அப்புறம் எழுந்து மாமாவின் எதிரில் வந்து நின்றான்.

"என் தப்புதான் மாமா. நான் போட்ட பவர் சப்ளை சரியில்ல. மாத்திட்டேன்."

மாமாவின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "நான் சொன்னேன்ல?" என்று என்னைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்து, "சரி தம்பி. போயிட்டு வா" என்றவர், உடனே திருத்திக்கொண்டார். "போ."

வாசலுக்குப் பின்னாலேயே ஓடினேன்.

"ஏண்டா இப்படிச் சொன்னே? உன்மேல என்ன தப்பு?"

"கத்தாதே பாப்பா. மருமக முன்னாடி அவரைத் தலைகுனிய வெச்சுட்டுப் போனா, நாளைக்கு உன் முகத்தைப் பார்க்கறப்பல்லாம் அவருக்கு உறுத்தும். அப்புறம் உனக்குத்தான் கஷ்டம். நான் எப்பவோ வர்றவன். நீ இங்கேயே இருக்கறவ." செருப்பை மாட்டிக்கொண்டான். "பின்னாடி ஒட்ட விடாதே. அவர்கிட்ட எதுவும் சொல்லாதே."

அவன் தெருமுனை திரும்பும் வரை நின்றேன். அழுதேன்.

சொல்லவில்லை. ஆனால் ஒட்டாமல் தடுக்கவும் முடியவில்லை. நான் குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு வருவதற்குள் பசையும் காகிதமுமாக மாமா தன் வேலையை முடித்திருந்தார். வந்து உட்கார்ந்து வேலையைத் தொடங்கினேன். பாதியிலேயே அணைந்தது.

"இதையும் பழசாத்தான் போட்டிருக்கான்" என்றார் மாமா, எழுந்து வந்து. பேசினால் எல்லாம் வந்துவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவர் தன் சீல் சரியாக இருக்கிறதா என்று கேபினட்டின் பின்னால் கையை விட்டுத் தடவினார். சட்டென்று கையை இழுத்துக்கொண்டார்.

"சுடுதே."

பிறகு மெதுவாகச் சொன்னார், என்னிடம் இல்லை, தனக்கே: "கிடங்கைப் பூட்டியே வெச்சா உள்ள மூட்டை சூடேறும். மேல ஜன்னலைத் திறந்து விடுவோம்." ஒரு பட்டையை உரித்தார். இன்னொன்றை உரித்தார். எல்லாவற்றையும் உரித்துவிட்டு, கம்ப்யூட்டரைப் போடச் சொன்னார். கொஞ்சம் பொறுத்து வந்தது. மின்விசிறிக்குப் பின்னால் உள்ளங்கையைக் காட்டினார். வெப்பக் காற்று அவர் கையில் வீசுவது அவர் முகத்திலேயே தெரிந்தது. என்னை வேலை செய்யச் சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். நான் அந்தப் புத்தகத்தின் பாதியை முடித்தேன். அது நிற்கவே இல்லை.

"உன் அண்ணன் பொய் சொல்லிட்டான்மா" என்றார் மாமா.

நான் திரும்பிப் பார்த்தேன்.

"பவர் சப்ளைல ஒண்ணும் இல்ல. மறுபடி ஒட்டறப்ப பின்னாடி என் பழைய பட்டை ஒண்ணுகூட இல்ல, அப்ப எனக்கு உறைக்கல. அவன்தான் கிழிச்சிருக்கான். பார்த்திருக்கான். பார்த்துட்டு என்கிட்ட மறைச்சிருக்கான்." குரல் தணிந்தது. "அதுல அவனுக்கு என்ன லாபம்?"

"ஒரு லாபமும் இல்ல மாமா. நஷ்டம்தான். இனி அவன் தங்கச்சி வீட்டுக்கு வர முடியாது."

சொல்லிவிட்டேன். அடக்கி வைத்திருந்ததெல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் வந்துவிட்டது. மாமா கையை நீட்டினார், போனைக் கேட்டு. எண்ணைப் போட்டுக் கொடுத்தேன். பக்கத்தில் நின்றதால் அண்ணனின் குரல் எனக்கும் கேட்டது.

"சொல்லுங்க மாமா. மறுபடியும் நின்னுடுச்சா?"

"இல்ல தம்பி. ஓடுது." "நாளைக்கு வா. ரிப்பேருக்கு இல்ல. சாப்பிட வா."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "வர்றேன் மாமா" என்றான்.

மாமா போனைத் திருப்பிக் கொடுத்தார். அறைக்குப் போனவர் திரும்பி வந்தார். மறுபடியும் போனார், மறுபடியும் வந்தார். கடைசியில் என் மேசை அருகில் நின்றுகொண்டு, அவர் குரலில் நான் அதுவரை கேட்டிராத பயத்தோடு கேட்டார்:

"வர்றேன்னுதான் சொன்னான். ஆனா உடனே சொல்லல, கவனிச்சியா? வருவானாம்மா?"