வண்டி வாசலுக்கு மேல் அறை

கலவரத்துக்குப் பிறகு கொழும்பை விட்டு வந்தது அம்மா, தங்கச்சி, நான் மூன்று பேர். கனடாவின் முதல் மாரிக் குளிருக்கு ஸ்காபரோவில் ஒரு பழைய சத்திரத்தில் இருந்தோம். இங்கிலாந்திலிருந்து வந்த யாரோ தன் ஊர்ச் சத்திரம் போலவே கட்டியதாம். நடுவில் பெரிய வளைவு வாசல். குதிரை வண்டி தெருவிலிருந்து அதற்குள்ளால் நுழைந்து பின்முற்றத்தில் நிற்கும். முற்றத்தைச் சுற்றி மேலே மரத்தாழ்வாரம், அதையொட்டி அறைகள். நாங்கள் போன காலத்தில் கீழே சாப்பாட்டுக் கடை. எங்களுக்கு முன்பே வந்திருந்த மாமா, அம்மாவின் தம்பி, அங்கே கோப்பை கழுவினார்.

"முந்திக் குதிரையள் வந்து நிண்டது. இப்ப நாங்கள்" என்பார்.

எங்கள் அறை வளைவுக்கு நேர் மேலே. தரைக்குக் கீழே வெறும் காற்று. பலகை இடுக்கால் குளிர் ஏறும். அம்மா தன் சேலைகளையெல்லாம் தரையில் விரித்துப் பார்த்தார். அந்தக் குளிருக்கு அது காணாது. தங்கச்சிக்கு நெஞ்சில் சளி. மூச்சு கர்கர் என்று கேட்கும்.

ஒரு ஞாயிறு மத்தியானம் மாமா ஏறி வந்தார்.

"அக்கா, குசினிக்குப் பக்கத்து அறை சும்மா கிடக்கு. அடுப்புச் சூட்டில சுவரே சுடும். வாங்கோ."

"அதுக்கு எத்தினை வழி?"

"என்ன வழி? ஒரு கதவுதான்."

"அப்ப வேண்டாம்."

எங்கள் படி வளைவுக்குள் இறங்கும். ஒரு பக்கம் திரும்பினால் தெரு. மற்றப் பக்கம் முற்றம், அதைத் தாண்டிப் பின் ஒழுங்கை. அந்த இரண்டு வழிக்காகத்தான் அம்மா அந்த அறையை எடுத்தார்.

மாமா கோபத்தோடு இறங்கினார். வளைவின் முற்றத்துப் பக்கம் பெரிய மரக்கதவு ஒன்று, மூடாமலே வருடக்கணக்காக நின்றது. முதலாளியிடம் கேட்டு, பனியை வழித்து, இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். காற்று நின்றது.

அம்மா படியால் இறங்கி ஓடிப்போய்த் தாழ்ப்பாளை இழுத்துத் திறந்தார்.

"உங்களுக்கென்ன விசரோ? பிள்ளை சாகப் போகுது!"

"கொழும்பு வீட்டுக்கும் ஒரு வாசல்தானே இருந்தது, தம்பி."

மாமா குசினிக்குப் போய் ஸ்க்ரூட்ரைவரோடு வந்தார். தாழ்ப்பாளைக் கழற்றினார். கதவைச் சாத்தி, "தள்ளிப் பாருங்கோ" என்றார்.

அம்மா தோளால் தள்ளினார். திறந்தது. சாத்தினார். திரும்பவும் தள்ளினார். திரும்பவும். மாமா கோட்டும் போடாமல் குளிரில் நின்று பார்த்தார். அவசரப்படுத்தவில்லை. பிறகு தாழ்ப்பாளை அம்மாவின் கையில் வைத்தார்.

அன்று தங்கச்சி இருமாமல் நித்திரை கொண்டாள்.

கலவரத்தில் அப்பா செத்தது எனக்குத் தெரியும். அந்த வீட்டின் ஒற்றை வாசலைப் பற்றி அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை. அந்தத் தாழ்ப்பாளை விளையாடக் கேட்டேன். அம்மா தரவில்லை. தலையணைக்குக் கீழே வைத்துப் படுத்தார். ஒரு இரும்புத் துண்டைக்கூடத் தரமாட்டாரா என்று அழுதேன்.