பூச்சிக்காரரின் லாந்தர் கண்ணாடி

எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு லாந்தர் கண்ணாடி இருக்கிறது. லாந்தர் இல்லை, கண்ணாடி மட்டும். அதன் இரண்டு வாயையும் கொசுவலைத் துணியால் மூடி நூலைச் சுற்றிக் கட்டியிருக்கும். துணி பழுப்பேறிவிட்டது. வீட்டுக்குக் கரண்டு வந்து பல வருஷம் ஆகிறது. "பழைய சாமான்காரனுக்குப் போட்டாக்கூட ஒரு பேரீச்சம்பழம் தர மாட்டான், இதை எதுக்குக் கட்டிக் காக்கறீங்க?" என்று என் மனைவி பொங்கலுக்குப் பொங்கல் கேட்பாள். பேச்சு எனக்கு எப்போதும் வராது. எழுதினால் கொஞ்சம் வரும் என்பதால்தான் இதை எழுதுகிறேன். அந்தக் கண்ணாடி முன்பு ஜோடியாக இருந்தது. இரண்டும் பூச்சிக்காரருடையவை.

அறுபதுகளின் தொடக்கம். எட்டாவது முடித்துவிட்டு மலேரியா மருந்து அடிக்கும் வேலையில் சேர்ந்திருந்தேன். வயது இருபத்திரண்டு. பஸ் மலையேறாத காலம். அடிவாரத்தில் எங்கள் ஊரான காரவள்ளியிலிருந்து மருந்து மூட்டையையும் பம்பையும் தலையில் வைத்து நடந்தே ஏறுவோம். மேலே சோளக்காடு என்ற ஊரில் எங்கள் முகாம். அந்த மார்கழியில் குண்டூர் நாடு என்ற மலைப்பகுதியில் பதினெட்டு வீடுள்ள ஒரு சிற்றூரை என் பம்புக்கு விட்டார்கள். ரத்தம் குடித்த கொசு கனத்துப்போய் வீட்டுச் சுவரில் உட்காரும், சுவரில் மருந்து இருந்தால் செத்துப்போகும். எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான். மருந்து காய்ந்ததும் மண்சுவர் திட்டுத் திட்டாக வெளுத்துவிடும். அதனால் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பெண்கள் சண்டைக்கு வருவார்கள். எனக்குச் சண்டை போட வராது. ஏதாவது சமாதானம் சொல்லி உள்ளே போய் அடித்துவிட்டு வந்துவிடுவேன். ஒரு சுவரையும் விட்டதில்லை. ஒரு பிடி பவுடரையும் குறைத்ததில்லை.

மாசியில் அந்த ஊரில் மட்டும் குளிர்காய்ச்சல் கண்டது. வீட்டுக்கு ஒருவர், இருவர் என்று போர்த்திப் படுத்துவிட்டார்கள். பக்கத்து ஊர்களில் ஒன்றும் இல்லை. அடித்தது அதே மருந்து, அதே மாதம். வேறாக இருந்தது பம்பு பிடித்த ஆள் மட்டும்தான். எங்கள் மேஸ்திரி என்னை முகாம் வாசலில் எல்லோர் முன்னாலும் நிறுத்தினார்.

"பவுடரை எந்தக் கெணத்துல கொட்டுன? வெறும் தண்ணியப் பீச்சிப்போட்டு வந்துட்டியா?"

"இல்லீங்க" என்றேன்.

மருந்தைக் குறைத்துக் கலந்தேன் என்று ஒரு தாளில் எழுதி நீட்டினார். நாலு நாளில் இன்ஸ்பெக்டர் வருகிறார், கையெழுத்துப் போட்டால் வேலையோடு போகும், போடாவிட்டால் போலீஸ் என்றார். வேலை போவதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. மருந்தைத் திருடினவன் என்ற பெயரோடு காரவள்ளிக்கு எப்படி இறங்குவேன் என்பதுதான் கவலை. ஆனாலும் கூட்டத்தில் நிற்கிற கூச்சம் தாங்காமல் பேனாவை வாங்கிவிட்டேன். அப்போதுதான் பின்னாலிருந்து குரல் வந்தது.

"போடாதீங்ணா. செவுத்தக் கேட்டுப்போட்டுப் போடலாம்."

அவர்தான் பூச்சிக்காரர். ராசிபுரம் பக்கத்தவர், என்னைவிட இரண்டு வயது இளையவர். ஊர் ஊராகப் போய்க் கொசு பிடித்து, எந்த வகை, எத்தனை என்று எழுதித் தருவது அவருக்கு உத்தியோகம். விடியற்காலையில் டார்ச்சோடு மாட்டுக் கொட்டகைக்குள் நுழைவார். ஒரு கண்ணாடிக் குழாயின் ரப்பர் முனையை வாயில் வைத்து, சுவரில் உட்கார்ந்திருக்கும் கொசுவை மெல்ல உறிஞ்சுவார். நடுவில் வலைத்துணி இருப்பதால் கொசு வாய்க்கு வராது. பார்க்கிறவர்களுக்கு அது தெரியுமா? "ஏனுங்க, கொசு ரத்தம் ருசியா இருக்குதுங்களா?" என்று பெண்கள் கேட்டுச் சிரிப்பார்கள். "உங்க ரத்தந்தானுங்க அம்மிணி, ருசிக்கு என்ன கொறைச்சல்?" என்பார் அவரும். சிரிப்பார், ஆனால் வேலையை நிறுத்தமாட்டார்.

மறுநாள் இருவரும் அந்த ஊருக்கு நடந்தோம். வழியில் எனக்குத் தைரியம் வரட்டும் என்றோ என்னவோ பேசிக்கொண்டே வந்தார். மலேரியா என்ற பெயருக்கே கெட்ட காற்று என்றுதான் அர்த்தமாம். சதுப்பில் கிளம்பும் காற்றால் காய்ச்சல் வருகிறது என்று வெள்ளைக்காரப் பெரிய டாக்டர்களே நூற்றுக்கணக்கான வருஷம் நம்பினார்களாம். மலைக்காற்று சேரவில்லை என்று நம் ஆட்கள் சொல்வதும் அதேதானே என்றார். பிறகு நம் நாட்டில் வேலை பார்த்த ஒரு ராணுவ டாக்டர் கொசுவின் வயிற்றை அறுத்து அறுத்துப் பார்த்திருக்கிறார். வெகுகாலம் தப்பான வகைக் கொசுவை அறுத்திருக்கிறார். ஒன்றும் கிடைக்கவில்லை. "ஒண்ணும் இல்லைன்னு ஒவ்வொரு தடவையும் எழுதி வெச்சாருங்ணா. அதனாலதான் ஒரு நாள் இருந்தப்ப, இருக்குதுன்னு அவரால சொல்ல முடிஞ்சுது." எனக்கு அப்போது அந்தக் கதை உள்ளே இறங்கவில்லை. என் மனதெல்லாம் மேஸ்திரியின் தாளில் இருந்தது.

முதல் வீட்டில் காய்ச்சல்காரர் மூன்று பேர். பூச்சிக்காரர் ஒரு லாந்தர் கண்ணாடியில் பத்துக் கொசுக்களை ஊதி விட்டார். மேல் வாய்க்கு வலைத்துணி, அடி வாயைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டார். இன்னொரு கண்ணாடியில் வேறு பத்துக் கொசுக்கள், இரண்டு வாயும் துணியால் கட்டியது. அதை என் கையில் கொடுத்து, "செவுத்துல படாமப் புடிங்க" என்றார். அரை மணி நேரம் அப்படியே நின்றோம். வீட்டுக்காரர் போர்வைக்குள்ளிருந்து, "அவரு பாவம் செவுத்துக்கு வைத்தியம் பாக்கறாரு. இவரு எதுக்குச் சும்மா கொசுவைத் தூக்கிக்கிட்டு நிக்கறாரு?" என்று கேட்டார். "இதுல இருக்கறதும் செத்துப்போனா, அங்க செத்தது செவுத்தால இல்லைன்னு தெரிஞ்சுக்கலாமுங்க" என்றார் பூச்சிக்காரர். பிறகு சுவர்க் கண்ணாடியின் அடி வாயையும் துணியால் மூடி, விடியும்வரை இருக்கட்டும் என்று இரண்டையும் ஈரத்துணி சுற்றிப் பத்திரமாக வைத்தார்.

காலையில் பார்த்தோம். என் கண்ணாடியில் பத்தும் உயிரோடு. சுவரில் வைத்த கண்ணாடியிலும் பத்தும் உயிரோடு.

அந்தச் சுவருக்கு நான்தான் மருந்து அடித்தேன். அவரோ நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்தார். கையைப் பிடித்துக்கொண்டேன். "எழுதாதீங்க. இதொண்ணு போதும், என்னைக் கொண்டுபோயி ஜெயில்ல போட."

"என்ன வேணுமோ அதை எழுத முடியாதுங்ணா. பாத்ததைத்தான் எழுதணும்." கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, 'பத்துக்குப் பத்தும் உயிரோடு' என்று எழுதினார். அன்று அவரை வெறுத்தேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் அவர் அங்கே நிற்கவில்லை. "காய்ச்சல் வந்த ஊட்டையே கேட்டுக்கிட்டு இருக்கறோம். வராத ஊடு இருக்குதா?" என்று கிளம்பிவிட்டார். முன்பு லண்டனில் வாந்திபேதி பரவியபோது ஒரு டாக்டர் அப்படித்தான் தேடினாராம். ஒரு தெருத் தண்ணீர் பம்பைச் சுற்றி ஆட்கள் விழுந்துகொண்டிருக்க, பக்கத்திலேயே பீர் காய்ச்சும் இடத்து ஆட்களுக்கு மட்டும் ஒன்றும் இல்லை. அவர்கள் அந்தத் தண்ணீரைக் குடிக்கவில்லை என்று அவர் கண்டுபிடித்தாராம்.

பதினெட்டு வீட்டையும் கேட்டோம். காய்ச்சல் வராதது ஒரே வீடு. அங்கே ஓர் அக்காவும் மூன்று பிள்ளைகளும் இருந்தார்கள். மிளகு பறிக்க மரமேறிய புருஷன் மார்கழிக் கடைசியில் விழுந்து இறந்துவிட்டார். உள்ளே போனதும் பூச்சிக்காரர் சுவரைப் பார்த்தபடி நின்றுவிட்டார். நான் அடித்த வெள்ளைத் திட்டு அப்படியே இருந்தது. மற்ற வீட்டுச் சுவர்களெல்லாம் செம்மண் வாசனையோடு மழமழவென்று இருந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஏங்க்கா, நீங்க செவுரு மொழுகலீங்களா?"

"எழவு விழுந்த ஊட்டுல எந்தப் பொங்கலுங்க, எந்த மொழுகல்? ஒரு வருசத்துக்கு இப்படித்தான். சாணியும் மண்ணும் குழைச்சு ஊரே பூசுச்சு, நான் மட்டும் பாத்துக்கிட்டு இருந்தேன்." பிறகு என்னைக் காட்டினார். "இந்தத் தம்பிதான சொன்னாரு, பொங்கலுக்கு மொழுகுனா வெள்ளையெல்லாம் போயிருமுன்னு. எல்லா ஊட்டுலயும் சொன்னாரு."

ஆமாம். சொன்னேன். சண்டைக்குப் பயந்து, உள்ளே விட்டால் போதும் என்று, பதினெட்டு வாசலிலும் நான் சொன்ன சமாதானம் அதுதான். எங்கள் வீட்டிலும் பொங்கலுக்குச் சுவர் மெழுகுவார்கள். தெரிந்தும் தோன்றவில்லை. பக்கத்து ஊர்களில் யாரும் அப்படிச் சொல்லவில்லை, அங்கே மருந்து பட்ட உள்சுவரை விட்டுவிட்டு வெளியே மட்டும் மெழுகியிருக்கிறார்கள். என் மருந்தை நானே மூடச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

அந்த வீட்டுச் சுவரில் வைத்த பத்துக் கொசுவும் மறுநாள் காலையில் செத்துக் கிடந்தன. என் கையிலிருந்த கண்ணாடியில் பத்தும் உயிரோடு. முதல் வீட்டுச் சுவரில் ஓர் அடி அகலத்துக்குப் புது மண்ணைச் சுரண்டினோம். அடியில் வெள்ளை தெரிந்தது. அதன்மேல் வைத்த கொசுக்களும் செத்தன. பூச்சிக்காரர் எல்லாவற்றையும் எழுதினார். கடைசி வரிக்கு முன்னால் பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். "நீங்க சொன்னதையும் எழுதட்டுங்களாண்ணா?"

அதை விட்டுவிட்டால் நான் முழுக்க நல்லவன். தப்பு ஊர்ப் பெண்களுடையது என்று ஆகிவிடும். அந்த அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுதுங்க" என்றேன். அதன் கீழே என் கையெழுத்தையும் போட்டேன்.

இன்ஸ்பெக்டர் படித்துவிட்டு மேஸ்திரியின் தாளைக் கிழித்துப் போட்டார். எனக்குத் தண்டனையும் கொடுத்தார். மருந்தை மறுபடி அடிக்க வேண்டும், அதற்கு ஊரை நானே கூட்டிப் பேச வேண்டும். ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டர் முன்னால் போய் நின்றேன். "தப்பு எம்மேலதானுங்க. வெளிச்செவுத்தையும் தரையையும் மொழுகிக்குங்க. உள்செவுத்தை மட்டும் விட்டுருங்க. இனிமே பொங்கல் போனப்பறந்தான் மருந்தடிக்க வருவோம்" என்றேன். என் வாழ்க்கையிலேயே நீளமான பேச்சு அதுதான். "இத்தனை நாளா வாயே இல்லாத ஆளுன்னு நெனச்சம்ங்க" என்றார் ஊர்க்கவுண்டர். கூட்டம் சிரித்தது. சிரிக்காதவர் அந்த அக்கா மட்டும்தான். "எங்கூட்டுக்காரரு போயி எங்கூட்டைக் காப்பாத்திப்போட்டாரு" என்று யாரிடமென்று இல்லாமல் சொன்னார்.

அடுத்த வருஷம் அவரை வேறு மலைக்கு மாற்றினார்கள். போகும்போது, நான் பிடித்து நின்ற கண்ணாடியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். பிறகு நாங்கள் சந்திக்கவேயில்லை.

இந்த வருஷம் காரவள்ளிப் பக்கம் மறுபடி குளிர்காய்ச்சல் என்று மார்கழியில் மருந்து அடித்துவிட்டுப் போனார்கள். அதே மருந்து, அதே வெள்ளைத் திட்டு. பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டாம் என்றேன். "எழவு ஊடாட்டம் கெடக்குது" என்று மனைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். இப்போதெல்லாம் அந்த மருந்துக்குக் கொசு சாவதில்லை என்று பேசிக்கொள்கிறார்கள். பேச்சை வைத்து என்ன செய்வது? சந்தையில் இன்னொரு லாந்தர் கண்ணாடி வாங்கி ஜோடி சேர்த்தேன். விடியற்காலையில் பக்கத்து மாட்டுக் கொட்டகைக்குப் போய்க் கொசு பிடித்தேன். சுவரில் வைத்த கண்ணாடியை நான் பிடித்துக்கொள்ள, பழையதை, சுவரில் படாமல், மனைவி பிடித்து நின்றாள். அரை மணி நேரமும் திட்டிக்கொண்டே நின்றாள்.

மறுநாள் காலையில் அவள் கண்ணாடியில் பத்தும் உயிரோடு. சுவரில் வைத்ததில் மூன்று செத்திருந்தன. ஏழு பறந்துகொண்டிருந்தன. மருந்து வேலை செய்ய வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை. அந்த மருந்தைத் தலையில் சுமந்தவன் நான். ஆனாலும் ஒரு தாளை எடுத்து, 'பத்துக்கு ஏழு உயிரோடு' என்று எழுதினேன். மலேரியா ஆபீசில் கொடுத்தால் சிரிப்பார்கள், யாரய்யா நீ என்று கேட்பார்கள். கேட்டால் சொல்லிக்கொள்ளலாம். கீழே கையெழுத்தைப் போட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.