தினேஸ்வரி எழுதிய ஒரு வரி

“என் மக மறந்துட்டான்னு எவ சொன்னா? என் முன்னாடி வந்து சொல்லச் சொல்லு!” காய்கறிக் கடையில் விமலா போட்ட சத்தம் புந்தோங் தெருமுனை வரை கேட்டது.

“ஊரே சொல்லுதுலா,” என்றாள் செல்லாயி, கத்தரிக்காயை அமுக்கிப் பார்த்தபடி. “உன் மக கம்ப்யூட்டர்ல ஐயாவு பேர விட்டுட்டாளாம். ரத்தம் கழுவப் போக முடியாம மனுஷன் மூச்சு வாங்கிக் கிடந்தாரு. அதான் துரத்திட்டாங்களாம்.”

“துரத்தல. அவளா வேலைய விட்டு வந்தா.”

விமலா சொன்னதுதான் உண்மை. யார் என்ன பேசினாலும் அது மாறாது. அவள் மகள் தினேஸ்வரி ஈப்போவில் ஒரு சின்ன நிறுவனத்தில் நிரல் எழுதியவள். சிறுநீரகம் பழுதாகி ரத்தம் கழுவப் போகிறவர்களை வீட்டுக்கே வந்து ஏற்றிக்கொள்ளும் வேன்களுக்குக் காலைப் பட்டியல் போடுவது அவளுடைய நிரல். ஐயாவு இருப்பதோ சுங்கை சிப்புட்டில், பழைய எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில். கதவு எண் கிடையாது, சாலைப் பெயர் கிடையாது. அவர் முகவரி இருக்க வேண்டிய இடம் காலி.

அவள் எழுதும் மொழியில் ஒரு கோணல் உண்டு. ‘இது ஆப்ஜெக்ட்டா, அதாவது உள்ளே விவரம் உள்ள பொருளா?’ என்று கேட்டால், உள்ளே ஒன்றுமே இல்லாத காலிகூட ‘ஆமாம்’ என்று கூசாமல் சொல்லும். அதை நம்பிச் சாலைப் பெயரைத் தேடினால் நிரல் அங்கேயே படுத்துவிடும். அதனால், ‘முதலில் காலியா என்று பார், காலி என்றால் ஓட்டுநரைப் போன் போட்டுக் கேட்கச் சொல்’ என ஒரு வரியை மேலே வைத்திருந்தாள்.

அதை அழித்தவன் யுகேந்திரன். அவளுடைய சித்தி மகன். அவள் சொல்லித்தான் அங்கே வேலைக்குச் சேர்ந்தவன். காலியா, ஆப்ஜெக்ட்டா என்று ஒரே விஷயத்தை எதற்கு இரண்டு தடவை கேட்க வேண்டும் என்று அவனாகவே தூக்கிவிட்டான். மறுநாள் பட்டியல் ஐயாவு பெயரில் நின்றது. வேன் போகவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் தன் லாரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதால் உயிர் தப்பியது.

“அக்கா, இப்பத்தான் எனக்கு வேலை நிரந்தரமாச்சு. என் பேர மட்டும் சொல்லிடாதக்கா,” என்று படிக்கட்டில் வைத்துக் கையைப் பிடித்துக்கொண்டான். சரி என்றாள். இரண்டு பேரும் சேர்ந்து செய்த தவறு என்று சொல்லிக்கொள்ளலாம் என நினைத்துத்தான் அவனோடு முதலாளி அறைக்குள் போனாள்.

அவள் வாயைத் திறக்குமுன் அவன் திறந்தான். “அது அக்கா எழுதுனது சார். நான் தொடவே இல்ல.”

அவள் அவனைப் பார்த்தாள். அவன் கைபேசியைப் பார்த்தான்.

தினேஸ்வரி தன் மேசைக்குப் போனாள். அந்த வரியை இருந்த இடத்திலேயே திரும்ப எழுதினாள். ஐயாவு பெயரைப் போட்டு ஓட்டிப் பார்த்தாள், ஓடியது. பையைத் தோளில் மாட்டினாள்.

கதவருகே யுகேந்திரன் வந்து நின்றான். “கோவமாக்கா?”

“நாளைக்கு ஐயாவுக்கு வேன் போவும்,” என்றாள். “அந்த வரியையாச்சும் தொடாத.”

கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள்.